ஜெவான்ஸ் விட்டுச்சென்ற எண்

பொருளியல் பயின்றோர் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸை இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டுக்காக அறிவர். கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் அவரை நினைவுகூர்வது ஒரு பத்து இலக்க எண்ணுக்காக.

1835-இல் லிவர்பூலில் இரும்பு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜெவான்ஸ். பத்து வயதில் தாயை இழந்தார். 1848-இல் தந்தையின் வணிக நிறுவனம் நொடித்தது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, 1854-இல் சிட்னி நாணயச் சாலைக்குப் பொன் மாற்று உரைப்பவராகச் சென்றார். ஐந்தாண்டு ஊதியத்தைச் சேமித்துத் திரும்பி, லண்டனில் படிப்பை முடித்தார்.

1865-இல் வெளிவந்த நிலக்கரி குறித்த நூல் அவருக்குப் புகழ் தேடித்தந்தது. இயந்திரங்களின் திறன் உயர்ந்தால் நிலக்கரிப் பயன்பாடு குறையாது, பெருகும் என்றார் அவர். பற்றாக்குறை குறித்த அச்சம் அவரை விட்டு அகலவேயில்லை. காகிதமும் அரிதாகிவிடும் என்றஞ்சி அவர் வாங்கிக் குவித்த தாள்களை, ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் பிள்ளைகளால் தீர்க்க முடியவில்லை என்று கெயின்ஸ் பதிவு செய்திருக்கிறார். வணிக நெருக்கடிகளைச் சூரியப் புள்ளிகளோடு இணைக்க முயன்றதும் இதே மனிதர்தான். இந்தியாவில் விளைச்சல் பொய்த்தால் இங்கிலாந்தின் சரக்குக்கு வாங்குவோர் குறைவர் என்பது அவர் வாதம், அது நிலைக்கவில்லை.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தபோது, 1874-இல் அறிவியலின் நெறிமுறைகள் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். சில செயல்களைச் செய்வது எளிது, அவற்றின் எதிர்ச்செயல் மிகக் கடினம் என்பதை விளக்க 8616460799 என்ற எண்ணை அதில் தந்தார். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது கிடைக்கும் என்பதைத் தம்மைத் தவிர வேறெவரும் அறியப்போவதில்லை என்று நம்பினார்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் இதே கடினத்தின்மீது ஆர்எஸ்ஏ மறையாக்க முறையை எழுப்பினர். வங்கிப் பரிமாற்றத்திலிருந்து மின்னஞ்சல் வரை உலகம் அதை நம்பியது. அவர்களுடைய எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை.

ஜெவான்ஸின் நம்பிக்கை என்னவாயிற்று? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் விடை கண்டார்: 89681, 96079. இதைவிட வியப்பு, பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா வகுத்த முறையைக் கையாண்டிருந்தால் 56 முயற்சிகளில் ஜெவான்ஸின் காலத்திலேயே கைக்கணக்காக விடை கண்டிருக்கலாம். இரு காரணிகளும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்ததே காரணம். பூட்டு வலிமையானதன்று; திறக்கும் வழியை எவரும் முயலவில்லை, அவ்வளவே.

1994-இல் பீட்டர் ஷோர் அத்தகைய மற்றொரு வழியைக் கண்டார். போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி உருவானால், ஆர்எஸ்ஏ எண்களையும் விரைவில் பிரித்துவிடலாம் என்று நிறுவினார். அத்தகைய கணினி இன்னும் இல்லை. ஆயினும் இன்று அனுப்பப்படும் மறையாக்கச் செய்திகளை இடைமறித்துச் சேமித்து, பின்னாளில் திறந்து படிக்கலாம். நோயாளியின் மருத்துவக் குறிப்போ அரசின் ஒப்பந்தமோ முப்பது ஆண்டுகள் மறைவாக இருக்க வேண்டுமெனில், அதற்குரிய ஆபத்து இன்றே தொடங்கிவிட்டது.

2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை நிறுவனம், காரணிப்படுத்தலைச் சாராத மூன்று புதிய முறைகளைத் தரநிலைகளாக வெளியிட்டது. இணைய உலாவிகள் சில உடனே மாறத் தொடங்கின. மின்னஞ்சலின் நிலை வேறு. பல நிறுவனங்களின் வழங்கிகளைக் கடந்து செல்லும் அதில் ஒருவர் மட்டும் மாறிப் பயனில்லை. ஜெவான்ஸின் நாடான பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையம், முழு மாற்றத்துக்கு 2035-ஐ இலக்காக வைத்துள்ளது.

ஜெவான்ஸ் 1882 ஆகஸ்டில், 46-ஆம் வயதில், ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் நீந்தியபோது இறந்தார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் நான்கு ஆண்டுகள் கழித்து மனைவி ஹாரியட் நூலாக வெளியிட்டார்.