கடைவீதிக்கு வழி கேட்ட வள்ளல்

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் வியாபாரத்தில் இறங்குகிறான் என்றால், முதல் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். வெறுங்கையுடன் தொடங்கி, மதீனாவின் பெருஞ் செல்வர்களில் ஒருவராய் உயர்ந்த ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வாழ்வை இங்கே நினைவுகூர்வோம்.

குறைஷிகளில் பனூ ஸுஹ்ரா கிளையைச் சேர்ந்த அவர்கள், ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் மூலம் தொடக்கத்திலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்கள். அபிஸீனியாவுக்கும், பின்னர் கி.பி. 622-ல் மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தார்கள். அங்கே பெருமானார் (ஸல்) அவர்கள், அன்ஸாரியான ஸஃது பின் ரபீஉ (ரலி) அவர்களை அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். ஸஃது (ரலி) தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். ஆனால் அவருக்குப் பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள் நம் வணிகப் பெருமகன். கைனுகா சந்தையில் நெய்யும், உலர்த்திய தயிர்க்கட்டியும் விற்றார்கள். சிறிது காலத்திற்குள் பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹராகக் கொடுத்து நிக்காஹ் முடிக்கும் நிலைக்கு வந்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

செல்வம் பெருகியதும் அவர்கள் கடையோடு நின்றுவிடவில்லை. பத்ரில் கலந்துகொண்டார்கள். உஹதில் பட்ட காயங்களால் பின்னாளில் நொண்டி நடந்தார்கள். ஹிஜ்ரி 9-ல் தபூக் பயணத்தின்போது ஒருநாள் பஜ்ருத் தொழுகைக்கு அவர்கள் இமாமாக நிற்க, தாமதமாக வந்த அண்ணலார் (ஸல்) அவர்களே பின்னின்று தொழுதார்கள். ஹிஜ்ரி 23-ல், கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் நியமித்த அறுவரில் அவர்களும் ஒருவர். பதவி தமக்கு வேண்டாமென்று ஒதுங்கி, இரவும் பகலும் மதீனத்து மக்களின் கருத்தைக் கேட்டறிந்து, ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்தார்கள்.

ஒருமுறை தம் நிலத்தை 40,000 தீனாருக்கு விற்று, அத்தொகையைத் தம் குலத்தாருக்கும், ஏழைகளுக்கும், உம்முஹாத்துல் முஃமினீன்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

ஆயினும் அந்தச் செல்வமே அவர்களை அஞ்ச வைத்தது. ஒருநாள் நோன்பு திறக்க உணவு வந்தது. தம்மைவிடச் சிறந்தவராக அவர்கள் கருதிய முஸ்அப் பின் உமைர் (ரலி) ஷஹீதானபோது, கஃபனுக்கு ஒரே ஒரு போர்வைதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. அதை நினைத்தார்கள். தம் நன்மைகளின் கூலி இவ்வுலகிலேயே கொடுத்துத் தீர்க்கப்பட்டு விட்டதோ என்று அஞ்சி அழுதார்கள். உணவைத் தொடவில்லை.

ஹிஜ்ரி 32-ல் (கி.பி. 652) வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீஉவில் அடங்கினார்கள். அப்போது உயிருடனிருந்த பத்ரு ஸஹாபாக்கள் ஒவ்வொருவருக்கும் 400 தீனார் கொடுக்க வஸிய்யத் செய்திருந்தார்கள்.

சுவர்க்க நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர் அவர்கள். அவர்களே அஞ்சினார்கள் என்றால், ஜகாத்தைக் கணக்கிடும்போதே கை நடுங்கும் நாம் எவ்வளவு அஞ்ச வேண்டும்! இன்றிரவு கல்லாவை எண்ணி முடித்ததும், அதில் ஏழையின் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எண்ணுவோமாக. ஹலாலான சம்பாத்தியத்தையும், அதைக் கொடுக்கும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.