கல்லின்முன் அமர்ந்த சில்பி

சில்பி என்றதும் நம் வட்டத்து இளங்கவிஞர் சிலர் கவிஞர் சிற்பி பாலசுப்பிரமணியத்தை நினைத்துக்கொள்கின்றனர். யான் எழுதப் புகுவது ஓவியர் சில்பியைப் பற்றி. இயற்பெயர் பி. எம். சீனிவாசன்; 1919இல் நாமக்கல்லில் பிறந்து 1983இல் மறைந்தவர். நம் வட்டம் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் ஊருலாக்களில் சித்திரக் குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் என்ன என்னும் பேச்சு சில காலமாக எழுந்துவருகிறது. அதற்கு ஆசான் ஒருவரைத் தேடியபோது என் நினைவில் முதலில் வந்து நின்றவர் இவரே.

நாமக்கல் பாறையூர். ஒற்றைப் பெரும்பாறை, அதைக் குடைந்து நரசிங்கருக்கும் அரங்கநாதருக்கும் அமைத்த குகைக்கோயில்கள். அத்தகைய ஊரில் கண்விழித்த பிள்ளைக்குக் கல் அந்நியமாக இருந்திருக்க இயலாது. சிறுவனின் கைத்திறனைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளிக்கு அனுப்புமாறு அறிவுரை கூறியவர் நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை. அவர் கவிஞர் மட்டுமல்லர், தூரிகை பிடித்தவரும் ஆவார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சென்னையில் அப்போது பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பின்னாளில் மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்தவர். அவருடைய பள்ளியில் சீனிவாசன் கற்றுத் தேறினார்.

ஆனந்த விகடனில் சேர்ந்தபின் அவருக்குச் சில்பி என்று பெயர் சூட்டியவர் ஓவியர் மாலி. கோபாலனைக் கோபுலு ஆக்கிய அதே மாலிதான். இளையவரின் நாட்டம் எதில் என்று மாலி அறிந்து பெயரிட்டாரோ, பெயரே நாட்டத்தை வளர்த்ததோ, யாரறிவார்! 1940களின் பிற்பகுதியில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தொடர் விகடனில் தொடங்கிற்று. சில்பி கோயில்தோறும் சென்று வரைந்தார். தொடக்கத்தில் உடன் விளக்கம் எழுதியவர் தேவன். 1950கள் நெடுகிலும் அத்தொடர் தமிழ் வீடுகளுக்குள் சிற்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. தம் ஊர்க் கோயிலின் தூணில் இருப்பது இன்னதென்று விகடனைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் அக்காலத்தில் பலர்.

அவர் நேரில் அமர்ந்தே வரைந்தார். இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. எண்ணெய் படிந்து கறுத்த தூணைச் சற்றே நினைத்துப் பாருங்கள். காலை வெயில் பக்கவாட்டில் வரும்போது மூக்கும் தோளும் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும். மாலையில் நிழல் மறுபக்கம் போய்விடும். முதல் பார்வையில் இருளாய் இருந்த இடத்தில், கண் பழகப்பழக ஒரு விரல், ஒரு சதங்கை, ஆடையின் மடிப்பு எனத் தோன்றிக்கொண்டே வரும். அத்தனை நாழிகை அங்கே இருப்பவனுக்கு மட்டுமே அவை தோன்றும். சில்பியின் கோடுகள் உருவின் வளைவோடு சேர்ந்து வளைவதற்கும், உலோகம் வேறு கல் வேறு என்று தாளிலேயே தெரிவதற்கும் அந்த இருப்பே காரணம் என்பது என் துணிபு. மூலவர் திருவுருவங்களை வரைந்தபோது வழிபாட்டுக்குரிய ஆசாரத்தோடு அமர்ந்தார் என்பர்.

பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1832இல் மொராக்கோ சென்றபோது குறிப்பேடுகளில் விரைந்து வரைந்து, நிறங்களின் பெயர்களையும் எழுதிவைத்து, ஊர் திரும்பிப் பல்லாண்டுகள் அவற்றைக் கொண்டு ஓவியங்கள் தீட்டினார். அது ஒரு வழி. நம்மைப் போன்ற தொடக்கநிலையாளர்க்கு அதுவே எளிது என்றும் தோன்றுகிறது. ஆயினும் என் மனம் சில்பியின் பக்கமே சாய்கிறது. அதற்குச் சொந்தக் காரணம் உண்டு.

முனைவர் பட்ட ஆய்வின்போது கோயில் கோயிலாகச் சென்று நூற்றுக்கணக்கில் நிழற்படம் எடுத்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர், என் ஆய்வேட்டில் நான் விரிவாக எழுதியிருந்த படிமத்தின் இடக்கை எங்கே ஊன்றியிருந்தது என்று கேட்டார். என்னால் கூற இயலவில்லை. அன்று பட்டம் கிடைத்தது. நாணம் இன்றும் போகவில்லை.

சென்ற ஊருலாவில் திருநீர்மலைக்குச் சென்றோம். தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரம். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் திருமால் நான்கு நிலையில் காட்சிதரும் தலம், திருமங்கையாழ்வார் பாடியது. மலையேறாமல் கீழே குளக்கரையில் அமர்ந்து படிக்கட்டை மட்டும் வரைய முயன்றேன். முதல் தாளில் படிகள் ஏணிபோல் செங்குத்தாய் நின்றன. இரண்டாம் தாளில் மலையே சரிந்தது. மூன்றாம் தாளின்போதுதான் படிக்கட்டு நேரே ஏறவில்லை, என் கண்ணே அதை நேராக்கிக்கொண்டிருந்தது என்பது புலப்பட்டது. எத்தனையோ முறை ஏறியிறங்கிய படிகள்!

விகடனில் இருபதாண்டுகளுக்கும் மேல் பணியாற்றிய சில்பி, பின்னர்ப் பிற இதழ்களுக்கும் வரைந்தார். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் தென்னாட்டுச் செல்வங்கள் இரு தொகுதிகளாக விகடன் பிரசுரத்தில் வெளிவந்தது. அடுத்த உலா பல்லாவரத்துக்கு. சித்திரகாரப்புலி என்று விருதுப்பெயர் பூண்ட மகேந்திரவர்மன் குடைவித்த குகை அங்கே இருக்கிறது. கோடிடாத தாள் கொண்ட ஏடும், மென்கரிப் பென்சில் இரண்டும், மடித்து அமர ஒரு துணியும் போதும். நிழற்படக் கருவியை நான் வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.