புள்ளினம் போற்றிய ஹென்றி

கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டமொன்றில் 1891ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி. தோட்டத்துரையின் மக்கள் பதினொருவருள் எட்டாமவர். வீட்டிலேயே மூத்தோரிடம் கல்வி கற்றவர். 1907இல் முத்துச்சிப்பி ஆய்வு நடத்திய நிறுவனமொன்றில் உதவியாளராய் அமர்ந்தார். 1910இல் ஓவியத்திறன் இவரைக் கொழும்பு நூதனசாலையில் சேர்ப்பித்தது. 1913 முதல் 1946 வரை ஆங்குப் பூச்சியியற் பணி புரிந்தார். பூச்சிகள் அவர்தம் தொழில். பறவைகளோ அவர்தம் காதல்.

அக்காதலின் கனியே 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் வழிகாட்டி. எழுத்தும் அவருடையது, ஓவியமும் அவருடையது. எப்பறவை எத்திங்களில், எவ்விடத்தே கூடு கட்டும் என்பதனை அந்நூல் தெளிவுறக் கூறும்.

கண்டி உடவத்தைக்கெலேக் காடு 1938 முதல் சரணாலயமாகும். கூடு கட்டும் பறவைகளைக் கணக்கிட மாணவருடன் வைகறையில் ஆங்குச் செல்லும்பொழுது அந்நூலையே துணைக்கொள்கின்றேன். ஒரு பறவை பாடியதனாலேயே அஃது அவ்விடத்தே குஞ்சு பொரிக்கின்றது எனத் துணிதலாகாது. மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் மரப்பொந்து குடைவதையோ, அலகில் இரை கவ்விப் பொந்தினுட் புகுவதையோ காணல் வேண்டும். அத்தகைய பொறுமையே ஹென்றி நமக்கு வைத்துச் சென்ற பாடம்.

பறவைகளின் தமிழ்ப் பெயர்களையும் அவர் தம் நூலிற் பதிந்தார். மாம்பழக்குருவி என்னும் இனிய பெயரை நம் மாணவர் பலர் இன்று அறியார். அன்றிலையும் அன்னத்தையும் மட்டும் மனனஞ் செய்வர். 1983இல் ஹென்றி மறைந்தார். முதியோர் நாவில் எஞ்சியுள்ள புட்பெயர்களை இப்பொழுதே தொகுத்தல் தமிழாசிரியர் கடன்.