ரோசாப்பூ துரை: பிறப்பையே குற்றமாக்கிய சட்டத்தின் எதிரில்

விருதுநகரில் வெடிச்சத்தம் என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது பட்டாசு ஆலை விபத்துதான். 1933ஆம் ஆண்டில் அவ்வூரில் கேட்ட வெடிச்சத்தம் வேறு வகையானது. விருதுநகர் அஞ்சலகத்தின் மீதும் திருவில்லிபுத்தூர் காவல் நிலையத்தின் மீதும் குண்டுகள் வீசப்பட்டன. அதற்கு முன்பே இருமுறை சிறை சென்று திரும்பியிருந்த முப்பது வயது காமராசரைக் காவல்துறை அவ்வழக்கில் சேர்த்தது. அவருக்காக வாதாடியவர்கள் இருவர்: வரதராசுலு நாயுடுவும், மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பும். குற்றச்சாட்டு நிற்கவில்லை, காமராசர் விடுவிக்கப்பட்டார். காமராசரின் வரலாற்றை எழுதுவோர் ஜோசப்பை இந்த ஒரு வரியோடு கடந்துவிடுகின்றனர். ஆனால் யார் குற்றவாளி என்ற கேள்வியோடு அவர் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே மல்லுக்கட்டத் தொடங்கியிருந்தார்.

1887 சூன் 5 அன்று செங்கன்னூரில் சிரியன் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். எடின்பரோவிலும் இலண்டனிலும் பயின்று 1909இல் நாடு திரும்பினார். பின்னர் மதுரையில் குடியேறினார். 1918இல் ஹார்வி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைவதில் முன்நின்றார். ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார்.

அவரை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களின் துயரம். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. 1918இல் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஆண்கள் காவல் நிலையத்தில் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துறங்க வேண்டும். வேற்றூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். ஒருவன் திருடினானா என்று எவரும் கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தான் என்பதே போதுமானதாக இருந்தது. வருணத்தை எதிர்த்துப் பழகிய நமக்கு இந்தத் தருக்கம் புதிதன்று. குறவர் உள்ளிட்ட எத்தனையோ சமூகங்களும் இதே வலையில் சிக்கின.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தனர். காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். ஜோசப் இச்சட்டத்துக்கு எதிராக வழக்குமன்றத்திலும் நாளேடுகளிலும் போராடினார். ஆங்கிலம் கற்ற, அயல்மொழி பேசும், வேற்று மதத்துப் பாரிஸ்டர் ஒருவர் தமக்காக நின்றதை அம்மக்கள் மறக்கவில்லை. ரோசாப்பூ துரை என்று பெயரிட்டனர். தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தனர்.

அரசோ ஒரு கையில் கைரேகைப் பதிவேட்டையும் மறு கையில் சீரமைப்புத் திட்டத்தையும் வைத்திருந்தது. பள்ளிகள் வந்தன, கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அவற்றால் பயனும் விளைந்தது. ஆயினும் கள்ளர் சீரமைப்பு என்ற அந்தப் பெயரையே பாருங்கள். குற்றமே செய்யாத குழந்தையைத் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

ஜோசப்பும் சிறையறிந்தவர்தாம். மோதிலால் நேருவின் இண்டிபெண்டண்ட் நாளேட்டுக்கு ஆசிரியராக இருந்தபோது 1921 திசம்பரில் கைதானார். இலக்னோ சிறையில் ஜவகர்லால் நேரு அவருடைய சிறைத்தோழர். விடுதலையான பின் காந்தியின் யங் இந்தியாவுக்கு ஆசிரியரானார். அரசியல் கைதிக்குச் சிறை ஒரு பெருமை. வாசலில் மாலை காத்திருக்கும். சாவடியில் இரவைக் கழித்த உழவனுக்கு எந்த மாலையும் காத்திருக்கவில்லை. அவ்வேறுபாட்டை அறிந்த அரிய காங்கிரசுக்காரர்களில் ஒருவராகவே ஜோசப்பை நாம் காண்கிறோம்.

1924 மார்ச்சு 30 அன்று வைக்கம் போராட்டம் தொடங்கியது. ஈழவரும் புலையரும் கோயிலைச் சுற்றிய பொதுத் தெருக்களில் நடக்கக் கூடாது என்ற தடைக்கு எதிரான போராட்டம் அது. முன்னணியில் நின்ற ஜோசப்புக்குக் காந்தி கடிதம் எழுதினார்: தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்கான கழுவாயை இந்துக்களே தேட வேண்டும், கிறித்தவர் விலகி நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜோசப் விலகவில்லை. தெருவில் நடப்பது குடிமகனின் உரிமை என்றே அவர் கருதினார். கைதாகிச் சிறை சென்றார். தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில்தான் பெரியார் வைக்கம் வந்து சேர்ந்தார். பாவம் செய்தவரின் மனம் கழுவப்படும்வரை பாதிக்கப்பட்டவர் தெருவோரம் காத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வி அன்று காந்திக்கும் ஜோசப்புக்கும் இடையே மட்டும் நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளில் அம்பேத்கர் அதை இன்னும் கடுமையாக எழுப்பினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜோசப் யாருக்காகப் போராடினாரோ அந்த உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடக்க விடாமல் தடுத்தது அங்குள்ள ஆதிக்க சாதி. 2006இல்தான் அது நடந்தேறியது. பிறப்பால் குற்றவாளி என்ற முத்திரையைத் துடைக்கப் போராடிய சமூகத்தின் ஒரு பகுதியினரே, பிறப்பால் தாழ்ந்தோர் என்ற முத்திரையை அயலாரின் நெற்றியில் அழுத்தினர். ஜோசப்பின் போராட்டம் இதனால் பொருளற்றதாகிவிடாது. ஆனால் ரோசாப்பூ துரையைக் கொண்டாடும் மேடைகளில் அவருடைய வைக்கம் சிறைவாசத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆயிற்று. காகிதத்தில் நீங்கியதே தவிர, காவல் நிலையங்களின் பழக்கம் நீங்கவில்லை. திருட்டு ஒன்று நடந்தால் குறவர் குடியிருப்புக்குள் நுழையும் வழக்கத்துக்கு, 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு சான்று.

ஜோசப் அந்த நீக்கத்தைக் காணவில்லை. 1937இல் மத்தியச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச்சு 5 அன்று மதுரையில், ஐம்பதாம் வயதில் மறைந்தார். மதுரையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக்கு இன்றும் மேற்கத்திச் சிற்றூர்களிலிருந்து ரோசாப்பூக்களோடு மக்கள் வருகின்றனர்.