ஜொகூர் ஆற்றங்கரையில் கண்ணாடி மணி தேடிய ஜெரால்ட் கார்ட்னர்

இங்கிலாந்தில் 'விக்கா' எனும் சூனிய சமயத்தைப் பரப்பியவர் என்றே ஜெரால்ட் கார்ட்னரை உலகம் அறியும். ஆனால், அதற்கு முன் ஜொகூரின் பழைய வரலாற்றை மண்ணுக்குள் தேடிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

1884 ஜூன் 13ஆம் தேதி லிவர்பூல் அருகே மர வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஆஸ்துமா நோயால் முறையான பள்ளிப் படிப்பு இல்லை. வாசிக்கவும் தானாகவே கற்றுக்கொண்டார். 1900இல், 16 வயதில், சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு போர்னியோ சென்று, 1911இல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார். நம் முன்னோர் கப்பலேறி வந்து பால்மரம் சீவிய அதே காலம் அது.

1923இல் அரசாங்க வேலையில் சேர்ந்தார். ஜொகூரில் ரப்பர் தோட்டங்களைப் பார்வையிடும் அதிகாரியாகவும், பின்னர் சுங்க அதிகாரியாகவும் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் அவர் மனம் போனது ஜொகூர் லாமா பக்கம். மலாக்கா 1511இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்த பின் எழுந்த ஜொகூர் சுல்தானகத்தின் தலைநகராக இருந்த ஊர் அது. 1587இல் போர்த்துகீசியர் அதையும் அழித்தனர்.

ஜொகூர் ஆற்றோரம் கிடைத்த சின்னஞ்சிறு மணிகளைக் கார்ட்னர் சேகரித்தார். மரம் மக்கிப் போகும், இரும்பு துருப்பிடிக்கும். கண்ணாடியோ நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கும். அந்த மணிகள் மலாயாவுக்கும் ரோமப் பேரரசுக்கும் இருந்த கடல் தொடர்புக்குச் சான்று என்று 1937இல் அரச ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1945இல், மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். ரோமாபுரி ஒயின் வந்திறங்கிய மண்சாடிகளின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. கண்ணாடி மணிகள் செய்த பட்டறை ஊரும் அதுவே. அரிக்கமேட்டில் செய்த வகை மணிகள் தென்கிழக்காசியா எங்கும் கிடைக்கின்றன. ரோமாபுரிக்கும் மலாயாவுக்கும் நடுவே தமிழர் கடற்கரை இருந்ததை மறக்க முடியாது.

ஆனால், மணி கைமாறிக் கொண்டே போகும் பொருள். எந்த மண் அடுக்கில், எதனுடன் கிடந்தது என்று தெரியாவிட்டால் அதன் காலத்தை உறுதியாகச் சொல்வது கடினம். ஜொகூர் லாமாவில் முறையான அகழாய்வு பின்னர்தான் நடந்தது.

1936இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், 1964இல் கப்பல் பயணத்தின்போது காலமானார். துனிசியாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறுகின்றன. மண்ணைத் தோண்டும்போது பழைய மணியோ, புட்டியோ, பீங்கான் துண்டோ தென்பட்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, மாவட்ட அதிகாரியிடம் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் கண்டெடுத்ததைத் தெரிவிக்கச் சொல்கிறது. நம் மூதாதையர் கடல் கடந்த கதை அந்தத் துண்டில் இருக்கக்கூடும்.