வெட்டுவதா? காப்பதா?

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சாலை விபத்தில் சிக்கினாள். அவளுடைய கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. செய்தி கேட்டுக் கலங்கி நின்றோம். ஆனால் மருத்துவர்கள் புண்ணைத் தூய்மை செய்து, எலும்பைப் பொருத்திக் காலைக் காப்பாற்றிவிட்டனர். இன்று அவள் எங்களோடு படியேறி வகுப்புக்கு வருகிறாள். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே காயம் நேர்ந்திருந்தால் காலை வெட்டியிருப்பார்களாம்! அந்த நிலையை மாற்றிய பெருந்தகைதான் ஜோசப் லிஸ்டர்.

இவர் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் திராட்சை மது வணிகர். நுண்ணோக்கியின் கண்ணாடிகளைச் செம்மைப்படுத்திய அறிஞருமாவார். லண்டனில் மருத்துவம் பயின்ற லிஸ்டர், எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சைம் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் பணியாற்றினார். 1856-இல் அவருடைய மகள் ஆக்னஸை மணந்தார். ஆக்னஸ் அம்மையார் கணவரின் ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தம் கைப்பட எழுதி உதவினார். பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியாத அக்காலத்தில் அவர் ஆற்றிய தொண்டு சிறிதன்று.

1860-இல் லிஸ்டர் கிளாஸ்கோ நகரில் பேராசிரியரானார். அங்குள்ள மருத்துவமனையில் அவர் கண்ட காட்சிகள் அவர் நெஞ்சை வாட்டின. எலும்பு வெளியே தெரியும்படி கால் முறிந்தவரை என்ன செய்வது? வெட்டாமல் விட்டால் புண் அழுகி உயிர் போகும். வெட்டினாலோ வாழ்நாள் முழுவதும் ஊனம். வெட்டிய பின்பும் உயிர் நிலைக்கும் என்ற உறுதி இல்லை. அவருடைய பிரிவில் கைகால் வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். வெட்டுவதா, காப்பதா என்னும் கேள்வி நாள்தோறும் அவர் முன் நின்றது.

அவ்வேளையில், அழுகலுக்குக் காரணம் நுண்ணுயிர்களே என்று பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் கண்டறிந்த உண்மையை லிஸ்டர் அறிந்தார். சாக்கடை நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் புண்ணிலுள்ள கிருமிகளையும் அழிக்குமோ என்று எண்ணினார். 1865 மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றது. தாம் கையாண்ட முறையே தவறு என்று அவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் அவன் காலில் ஏறியிருந்தது. வழக்கப்படி வெட்டினால் மருத்துவரை யாரும் குறை கூறமாட்டார்கள். காக்க முயன்று சிறுவன் இறந்தாலோ பழி முழுவதும் அவர் தலைமேல் விழும். ஒருமுறை தோற்றவர் மீண்டும் துணிவது எளிதா? ஆயினும் லிஸ்டர் துணிந்தார். புண்ணின்மேல் அமிலத்தில் நனைத்த துணியை வைத்து, காலுக்குச் சிம்பு கட்டினார். நான்கு நாட்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது சீழ் இல்லை! ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. சிறுவன் தன் கால்களாலேயே வீடு திரும்பினான்.

1867-இல் இத்தகைய 11 நோயாளிகளின் வரலாற்றை அவர் வெளியிட்டார். ஒருவர் இறந்ததையும், ஒருவருக்கு உறுப்பை வெட்ட நேர்ந்ததையும் மறைக்கவில்லை. அதன்பின் மூன்று ஆண்டுகளில் கைகால் வெட்டப்பட்ட 40 பேரில் இறந்தவர் 6 பேரே.

1877-இல் லண்டனில் மற்றொரு சோதனை வந்தது. முழங்கால் சில்லு உடைந்த ஒருவர் அவரிடம் வந்தார். தோல் கிழியவில்லை, உயிருக்கும் ஆபத்தில்லை. விட்டுவிட்டால் கால் வலுவிழந்து போகலாம். மூட்டைத் திறந்தாலோ கிருமி புகுந்து உயிரே போகலாம். உயிருக்கு ஆபத்தில்லாதவரை ஆபத்துக்குள்ளாக்குவது முறையா என்று மருத்துவர் பலர் கண்டித்தனர். லிஸ்டர் தம் முறையின் காவலோடு மூட்டைத் திறந்து, வெள்ளிக் கம்பியால் சில்லை இணைத்தார். கால் குணமாயிற்று. வென்றதால் அவரைப் போற்றுகிறோம். ஆயினும் அன்று கண்டித்தவர்களின் கேள்வியும் நியாயமானதே அன்றோ! அதனால்தான் இக்காலத்தில் நன்மை தீமைகளை விளக்கி, நோயாளியின் சம்மதம் பெற்ற பின்னரே கத்தியைத் தொடுகின்றனர்.

அறுவை அறையில் கார்பாலிக் அமிலத்தைத் தெளிக்கும் முறையையும் லிஸ்டர் பல ஆண்டுகள் கையாண்டார். அது தேவையற்றது என்று உணர்ந்ததும், 1890-இல் அறிஞர்கள் கூடிய பேரவையிலேயே தம் பிழையை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். 1897-இல் பிரபு பட்டம் பெற்ற அம்மேதை, 1912 பிப்ரவரி 10-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தோழியரே! நம்மில் சிலர் நாளை மருத்துவர்களாகலாம், செவிலியர்களாகலாம். எளிய வழி எது என்று பாராமல், எதிரே இருப்பவருக்கு நன்மை எது என்று பார்ப்போம். தவறினால் மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். அதுவே லிஸ்டர் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

— பத்தாம் வகுப்பு மாணவி