மாணாக்கரையே செல்வமாகக் கொண்ட மகாவித்துவான்

நம் பிள்ளைகளில் ஒருவன் ஆசிரியர் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் நம்மில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. கடையைப் பார்க்க ஆளில்லையே என்ற கவலை ஒரு பக்கம். அந்தத் தொழிலில் என்ன மிஞ்சும் என்ற கணக்கு மறுபக்கம். கணக்குப் பார்ப்பது வணிகர்களாகிய நமக்கு இயல்பே. ஆகவே, கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களின் வாழ்க்கைக் கணக்கைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் 1815ஆம் ஆண்டு பிறந்தவர் பிள்ளை. தந்தையார் சிதம்பரம் பிள்ளையும் ஆசிரியரே. பதினைந்து வயதில் தந்தையை இழந்த பிள்ளைக்குச் சொத்து என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. கல்விப் பசி மட்டும் இருந்தது. தண்டியலங்காரம் கற்ற பரதேசி ஒருவர் வீடு வீடாகப் பிச்சை எடுத்துத் திரிவதை அறிந்து, அவர் போகுமிடமெல்லாம் பின்சென்று, பணிவிடை செய்து அந்நூலைப் பாடங்கேட்டார். அறிவு எவரிடம் இருந்தாலும் அவரிடம் கைகட்டி நிற்க அவர் நாணவில்லை.

இவ்வாறு அரிதிற் பெற்றதை எளிதாக வழங்குவதே தம் கடமை என்று அவர் கொண்டார். மாணாக்கரிடம் பொருள் வாங்கவில்லை; பலருக்கு உணவும் அளித்தார். சாதி, சமயம் பார்த்து எவரையும் விலக்கவில்லை. கற்பிக்கக் கற்பிக்க அவருடைய புலமையும் பெருகிற்று. 20க்கும் மேற்பட்ட தலபுராணங்களை இயற்றினார். அவர் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவும் விளங்கினார்.

1871ஆம் ஆண்டு, இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்தில், வேங்கடராமன் என்னும் இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். அவரைச் சாமிநாதன் என்று அழைத்தவர் பிள்ளையே. ஆசிரியருக்குச் செடிகொடிகளில் பிரியம் அதிகம். விடியற்காலையில் தோட்டத்தில் எந்தச் செடி தளிர்த்திருக்கிறது என்று பார்ப்பார். அதைக் கண்டுகொண்ட மாணாக்கர் முன்னதாகவே எழுந்து, புதுத் தளிர்களைத் தேடி வைத்துக் காட்டுவார். ஆசிரியர் முகம் மலரும், பேச்சுத் தொடங்கும். அந்த மாணாக்கரே பின்னாளில் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

மற்றொரு மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1880இல் ஓய்வு பெற்றபோது அவ்விடத்தைச் சாமிநாதையருக்கு வாங்கித் தந்தார். நமக்கு நெருங்கிய ஒருவரும் பிள்ளையிடம் பாடங்கேட்டிருக்கிறார். அவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். 1880களில் பினாங்கில் வித்தியா விசாரிணி என்னும் பத்திரிகையை நடத்தியவர். 1901இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்திலும் புலவராக அமர்ந்தவர்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளை காலமானார். அப்போது கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும் சாமிநாதையரும் பெற்ற பிள்ளைகள் போல் பக்கத்தில் இருந்தனர். அவர் விட்டுச் சென்ற வீட்டில் பணம் இல்லை, கடன் இருந்தது. கணக்கு அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து, 1933லும் 1934லும், சாமிநாதையர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியரை அவர் அதுவரை மறக்கவில்லை.

அந்தக் கடனைப் பற்றி நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அறிவைக் கொடுத்தவர் கடன்பட்டு இறந்தது அவருடைய குறையன்று. அக்காலத்துச் செல்வர்களின் குறை. நம் பிள்ளை ஆசிரியராக விரும்பினால் தடுக்காமல் இருப்போமாக. நம் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதும் பொருள் படைத்த நம் பொறுப்பேயாகும்.